அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு: மன சமாதானம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் போதகனும் அல்ல, இறையியல் படித்தவனும் அல்ல. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போதும், மருத்துவமனைக்கு யாரையாவது பார்க்கப் போகும்போதும், வாலிபர் கூடுகைகளிலும் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு என்னால் முடிந்த அளவு நேர்மையாக இங்கே பதில் எழுதியிருக்கிறேன். வசனங்களைப் பெரும்பாலும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே எடுத்திருக்கிறேன். நான் மனப்பாடம் செய்தது அதைத்தான்.

கிறிஸ்தவர்கள் சொல்லும் ‘சமாதானம்’ என்பது மன அமைதிதானா?

அதுவும் அதற்குள் இருக்கிறது, ஆனால் சொல் அதைவிடப் பெரியது. எபிரெயத்தில் ‘ஷாலோம்’ என்பார்கள். குறைவில்லாமல் முழுமையாக இருப்பது என்பது அதன் பொருள். உடல் நலம், வயிற்றுக்குச் சாப்பாடு, அண்டை அயலாருடன் நல்லுறவு, கடவுளோடு ஒப்புரவு எல்லாமே அதில் அடங்கும். ஒருவரைச் சந்திக்கும்போது நலம் விசாரிப்பதும் அதே சொல்லால்தான்.

தமிழிலும் இது பொருத்தமாகவே அமைந்திருக்கிறது. சண்டையிட்டுக்கொண்ட இரண்டு பேரை உட்கார வைத்துச் ‘சமாதானம் பேசுகிறோம்’ அல்லவா? முதலில் உறவு சரியாக வேண்டும், மனம் பிறகு தானாக அடங்கும். வேதம் சொல்லும் வரிசையும் இதுதான். கடவுளோடு இருக்கும் பகை தீர்ந்தது என்ற செய்தி முதலில் வருகிறது, அதன் பலனாக உள்ளம் அமருகிறது.

“சமாதானத்தை உங்களுக்கு வைத்துப்போகிறேன், என்னுடைய சமாதானத்தையே உங்களுக்குக் கொடுக்கிறேன், உலகம் கொடுக்கிறபிரகாரம் நான் உங்களுக்குக் கொடுக்கிறதில்லை” என்று இயேசு சொன்னது எப்போது என்று பாருங்கள். அன்று இரவே அவரைப் பிடிக்க ஆட்கள் வரப்போகிறார்கள். கூட இருந்தவர்களில் ஒருவன் காட்டிக்கொடுக்க ஏற்கெனவே வெளியே போய்விட்டான். எல்லாம் நல்லபடியாக இருக்கும்போது சொல்லிய வாழ்த்து அல்ல அது.

‘நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்’ என்கிறது வேதம். கடனும் குடும்பமும் உள்ளவனுக்கு அது சாத்தியமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர் முகத்தைப் பார்த்தால், வசனத்தின் மேல் அவருக்குக் கொஞ்சம் கோபம் இருப்பது தெரியும். அந்தக் கோபம் நியாயமானது. மாதக் கடைசியில் கையில் பணமில்லாதவனிடம் ‘கவலைப்படாதே’ என்று சொல்வது எளிது.

ஆனால் அந்த வசனத்தை முழுதாகப் படியுங்கள். “ஆகையால், நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள், நாளையத்தினம் தன்னுடையவைகளுக்காகக் கவலைப்படும். அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்” என்று மத்தேயு 6-ஆம் அதிகாரம் முடிகிறது. இன்றைக்குப் பாடே இல்லை என்று இயேசு சொல்லவில்லை. இன்றைக்கு உள்ள பாடு உண்மையானது, அதைச் சுமக்க வேண்டும் என்கிறார். நாளைக்கு உரியதையும் இன்றே தூக்கித் தலையில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதுதான் கட்டளை. ‘பாடு’ என்ற சொல்லில் உழைப்பும் இருக்கிறது, வேதனையும் இருக்கிறது. மொழிபெயர்த்தவர்கள் எவ்வளவு யோசித்து இந்தச் சொல்லைப் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். திருவிவிலியம் என்ற புதிய மொழிபெயர்ப்பில் இதே வரி “அன்றன்றுள்ள தொல்லையே போதும்” என்று வருகிறது. அதுவும் தெளிவுதான். ஆனாலும் என் மனம் ‘பாடு’ என்ற சொல்லிலேயே நிற்கிறது.

திட்டமிடுவதை வேதம் எங்கும் தடுக்கவில்லை. கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று கேட்டதும் இயேசுதான். எகிப்தில் யோசேப்பு ஏழு வருடம் தானியம் சேர்த்துவைத்தான். உங்கள் கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, எந்தத் தேதியில் என்ன கட்ட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அது திட்டம். எழுதி முடித்த பிறகும் அதே தொகையை மனத்துக்குள் நூறு முறை கூட்டிப் பார்ப்பது கவலை. முதலாவது கடனைக் குறைக்கும். இரண்டாவது ஒரு ரூபாயைக்கூடக் குறைக்காது.

யாத்திராகமம் 16-இல் வரும் மன்னாவின், அதாவது இஸ்ரவேலருக்குக் கடவுள் கொடுத்த உணவின், கதையை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். வனாந்தரத்தில் ஒவ்வொரு காலையும் அன்றைக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொள்ளும்படி சொல்லப்பட்டது. சிலர் நாளைக்கும் இருக்கட்டும் என்று எடுத்து வைத்தார்கள். மறுநாள் அது பூச்சிபிடித்து நாற்றமெடுத்தது. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரண்டு பங்கு எடுக்கலாம், அது கெடாது. நாற்பது வருடம் அந்த ஜனங்கள் இப்படித்தான் சாப்பிட்டார்கள். களஞ்சியம் ஒரு நாளும் நிரம்பவில்லை. பட்டினியும் கிடக்கவில்லை.

சமாதானமும் இப்படித்தான் கிடைக்கிறது என்பதுதான் இத்தனை வருட விசுவாச வாழ்க்கையில் நான் கண்டது. அடுத்த மாதம் நடக்கப்போகும் அறுவை சிகிச்சைக்கான தைரியம் இன்று எனக்குக் கிடைப்பதில்லை. அதைத் தேடித்தான் இன்று ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறேன். இன்றைக்கு உரியதைக் கேட்டால் கிடைக்கிறது. கர்த்தருடைய ஜெபத்திலும் ‘எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்’ என்றுதான் கேட்கிறோம்.

பகலில் சமாளித்துவிடுகிறேன். இரவில்தான் எல்லாம் வந்து மேலே விழுகிறது. என்ன செய்வது?

பல வருடங்களுக்கு முன் அப்பாவுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே இருந்த வராந்தாவில் அம்மாவும் நானும் இரவு முழுவதும் இருந்தோம். இரண்டு மணி இருக்கும். பணத்துக்கு எங்கே போவது, அப்பா பிழைத்தாலும் வேலைக்குப் போக முடியுமா, தங்கையின் படிப்பு என்ன ஆகும் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “டாக்டர் எட்டு மணிக்கு வருவார். அதுவரை நீயும் நானும் செய்ய வேண்டியது ஒன்றுதான். இந்த பாட்டிலில் தண்ணீர் இல்லை. போய்ப் பிடித்துக்கொண்டு வா.”

நான் போனேன். வராந்தாவின் கோடியில் குழாய். தண்ணீர் மெல்லிய நூலாகத்தான் வந்தது. பாட்டில் நிரம்பும் வரை அங்கே நின்றேன். திரும்பி வந்தபோது அம்மா சங்கீதப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். “சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்” என்ற நான்காம் சங்கீதத்தின் வரியை நான் அன்றுதான் கண்ணால் கண்டேன். அந்த இரவில் எதுவுமே தீர்ந்திருக்கவில்லை.

அம்மாவிடம் கற்றதை இன்றும் செய்கிறேன். படுக்கைக்கு அருகில் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். மனத்தில் சுற்றுவதை ஒவ்வொரு வரியாக எழுதுவேன். நாளை காலையில் என் கையால் செய்யக்கூடியது எது என்று பார்த்து அதற்கு ஒரு கோடு போடுவேன். மீதியைப் பெயர் சொல்லி, சத்தமாக, ஆண்டவரிடம் ஒப்புவிப்பேன். “உங்கள் விண்ணப்பங்களை ஸ்தோத்திரத்தோடே கூடிய ஜெபத்தினாலும் வேண்டுதலினாலும் தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள்” என்று பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் சொல்கிறார். தெரியப்படுத்தச் சொல்கிறார். பொத்தாம்பொதுவாக ‘எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்’ என்று சொல்லி முடிப்பதில் அந்தப் பலன் இல்லை. ‘வருகிற பத்தாம் தேதி கட்ட வேண்டிய பள்ளிக் கட்டணம்’ என்று சொல்லிப் பாருங்கள்.

அடுத்த வசனத்தில், தேவசமாதானம் உங்கள் இருதயங்களையும் சிந்தைகளையும் ‘காத்துக்கொள்ளும்’ என்று வருகிறது. கிரேக்க மூலத்தில் அது படைவீரர்கள் காவல் நிற்பதைச் சொல்லும் சொல். பிலிப்பி ரோமப் படைவீரர்கள் குடியேறிய ஊர். கடிதத்தை எழுதிய பவுலும் அப்போது காவலில் இருந்தார். சொந்தக் கதவுக்கு வெளியே காவலன் நிற்கும் மனிதர்தான் இந்த உவமையை எழுதினார்.

செய்துவிட்ட தவறு ஒன்று விடாமல் துரத்துகிறது. இன்றில் வாழ்வது எப்படி?

நாளையைப் பற்றிய பயத்தைவிட நேற்றைப் பற்றிய வெட்கம் பிடிவாதமானது. இதற்கு இயேசுவின் சீஷனான பேதுரு என்ற மீனவனின் கதைதான் பதில்.

இயேசுவைப் பிடித்துக்கொண்டு போன இரவில் பிரதான ஆசாரியனுடைய அரமனை முற்றத்தில் குளிருக்காகக் கரிநெருப்பு மூட்டியிருந்தார்கள். பேதுருவும் குளிர்காய்ந்துகொண்டு நின்றான். அங்கேதான் ‘அவரை அறியேன்’ என்று மூன்று தடவை மறுதலித்தான். இது யோவான் 18-ஆம் அதிகாரம். 21-ஆம் அதிகாரத்தில் உயிர்த்தெழுந்த இயேசு திபேரியா கடற்கரையில் நிற்கிறார். இரவெல்லாம் வலை போட்டு ஒன்றும் பிடிக்காத சீஷர்கள், அவர் சொன்ன பக்கம் வலை போட்டு 153 பெரிய மீன்களோடு கரைக்கு வருகிறார்கள். அங்கே கரிநெருப்பு. அதன்மேல் மீன். பக்கத்தில் அப்பம். ‘கரிநெருப்பு’ என்று பொருள்படும் அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த இரண்டு இடங்களில் மட்டுமே வருகிறது.

வாசனை எப்படி நினைவைக் கிளப்பும் என்று எல்லாருக்கும் தெரியும். கரி எரியும் மணம் மூக்கில் ஏறியதும் பேதுருவுக்கு அந்த முற்றம் ஞாபகம் வராமல் இருந்திருக்குமா? இயேசு அந்த நினைவை மூடி மறைக்கவில்லை. அதைத் தோண்டிக் குத்திக் காட்டவும் இல்லை. முதலில் ‘வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்’ என்றார். சாப்பிட்டு முடித்த பிறகுதான், ‘நீ என்னை நேசிக்கிறாயா’ என்று மூன்று தடவை கேட்டார். மூன்று மறுதலிப்புக்கு மூன்று கேள்வி. ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு வேலை கொடுத்தார்: என் ஆடுகளை மேய்.

குற்ற உணர்ச்சியிலிருந்து விடுபடும் வழியை நான் இதிலிருந்துதான் கற்றேன். நடந்ததை நடந்தபடியே அவரிடம் சொல்வது. கத்தோலிக்கச் சகோதரர்களுக்கு இதற்கு, குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. மற்ற சபைகளில் இருப்பவர்கள் நம்பிக்கையான ஆயரிடமோ மூத்த விசுவாசியிடமோ சொல்லலாம். வாய்விட்டு ஒரு மனிதர் காதில் சொல்லும்போது, தனியாக ஆயிரம் தடவை சொல்லியும் இறங்காத பாரம் இறங்குகிறது. யாருக்குத் தீங்கு செய்தோமோ அவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டியது இருந்தால் கொடுத்துவிட வேண்டும். வரி வசூலித்த சகேயு அப்படித்தான் செய்தான், நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக.

ஜெபிக்கிறேன். ஆனால் எதையும் உணரவில்லை. என் விசுவாசம் பொய்யா?

இல்லை. உணர்வு வராததை வைத்து விசுவாசத்தை அளக்காதீர்கள்.

கல்கத்தாவின் அன்னை தெரேசாவின் கடிதங்கள் அவர் மறைந்து பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, 2007-இல், வெளியானபோது பலர் அதிர்ந்தார்கள். கடவுளின் அருகாமையை உணர முடியாத இருளில் அவர் ஏறக்குறைய அரை நூற்றாண்டு இருந்திருக்கிறார். அந்த வருடங்களில்தான் தெருவில் கிடந்தவர்களைத் தூக்கி வந்து துடைத்துக் கட்டினார். 2016-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது, அந்தக் கடிதங்கள் எல்லாம் உலகத்துக்குத் தெரிந்திருந்தபோதே.

88-ஆம் சங்கீதத்தைப் படித்துப் பாருங்கள். மற்ற புலம்பல் சங்கீதங்களில் கடைசியிலாவது ஒரு வெளிச்சம் வரும். இதில் வராது. இருளிலேயே முடிகிறது. அதையும் வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். வார்த்தை வராத நாட்களில் அதை அப்படியே ஜெபமாகப் படித்துவிட்டு எழுந்திருப்பேன்.

இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் தன் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ என்ற நூலில் ஒரு விதி வைத்திருக்கிறார்: உள்ளம் வறண்டு கிடக்கும் காலத்தில், நல்ல நிலையில் இருந்தபோது எடுத்த தீர்மானங்களை மாற்றாதே. சபையை விட்டுவிடலாமா, வேலையை விட்டுவிடலாமா என்ற யோசனை அப்படிப்பட்ட நாளில் வந்தால் தள்ளிப்போடுங்கள்.

மனச்சோர்வு, பதற்றம் எல்லாம் விசுவாசக் குறைவா? மாத்திரை சாப்பிட்டால் கடவுளை நம்பவில்லை என்று ஆகாதா?

இதில் எனக்குத் தயக்கமே இல்லை. மனச்சோர்வு நோய்தான். சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவரை யாரும் அவிசுவாசி என்பதில்லை. ‘இன்னும் ஜெபியுங்கள், மாத்திரையை நிறுத்துங்கள்’ என்று மேடையில் சொல்பவர் யாராக இருந்தாலும் அவர் சொல்லைக் கேட்காதீர்கள். மருந்தைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. நிறுத்துவதையும் குறைப்பதையும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

எலியா தீர்க்கதரிசியைப் பாருங்கள். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றி கண்டவர், அடுத்த அதிகாரத்திலேயே வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, “போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்” என்று சாகக் கேட்கிறார். கடவுள் அவரைக் கண்டிக்கவில்லை. அவர் தூங்கினார். தூதன் தட்டி எழுப்பியபோது தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டார், மறுபடியும் தூங்கினார். தூதன் மறுபடியும் எழுப்பி, “எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்” என்றான். இரண்டு தூக்கம், இரண்டு சாப்பாடு. கடவுள் பேசிய அந்த அமர்ந்த மெல்லிய சத்தம் கேட்பதெல்லாம் அதற்கு நாற்பது நாள் கழித்துத்தான்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ இல்லாமல், எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அந்த நிமிடமே ஒருவரிடம் சொல்லுங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926. அழைப்பது பாவம் அல்ல. அந்தத் தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவர்தான் உங்கள் சூரைச்செடிக்கு அனுப்பப்பட்ட தூதனாகவும் இருக்கலாம்.

விசுவாசம் இருந்தால் கஷ்டம் வராது என்கிறார்களே?

இயேசு அப்படிச் சொல்லவில்லை. “உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு, ஆனாலும் திடன்கொள்ளுங்கள்” என்றார். ‘இவ்வளவு காணிக்கை விதைத்தால் இவ்வளவு ஆசீர்வாதம், குடும்பத்தில் சமாதானம்’ என்று கணக்குச் சொல்கிறவர்கள், கேட்பவர் காசையும் கொண்டுபோகிறார்கள், கஷ்டம் வந்த நாளில் அவருடைய விசுவாசத்தையும் கொண்டுபோகிறார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

திருநெல்வேலிப் பக்கத்தில் டோனாவூர் இருக்கிறது. ஆபத்திலிருந்த குழந்தைகளுக்கு அங்கே அடைக்கலம் கட்டியவர் ஏமி கார்மைக்கேல் அம்மையார். அயர்லாந்தில் பிறந்து, 1895-இல் இந்தியா வந்து, ஊருக்குத் திரும்பாமலே இங்கேயே வாழ்ந்தவர். வில் வண்டியில் கிராமம் கிராமமாக அலைந்த அந்த அம்மையார் 1931-இல் ஒரு குழியில் தவறி விழுந்தார். அதற்குப் பிறகு 1951-இல் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருடம், பெரும்பாலும் தன் அறைக்குள்ளேயே வலியோடு கிடந்தார். அவர் எழுதியவற்றில் பல அந்தக் கட்டிலில் எழுதப்பட்டவை. தன் கல்லறைக்குக் கல் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்தார்கள்.

அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

விடிந்தால் சமையல், பஸ், அலுவலகம், பிள்ளைகள். அமைதியாக உட்கார நேரமே இல்லை.

17-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஒரு கார்மேல் மடத்தில் லாரன்ஸ் என்ற துறவி இருந்தார். இளமையில் போர்வீரராக இருந்து காயம்பட்டவர். படிப்பு அதிகம் இல்லாததால் மடத்தில் சமையலறை வேலை. அந்த வேலை அவருக்கு இயல்பாகப் பிடிக்கவே பிடிக்காது. ஆனாலும் பாத்திரங்களின் சத்தத்துக்கு நடுவே கடவுளோடு பேசிக்கொண்டே இருக்கப் பழகினார். தொழுகை நேரம், வேலை நேரம் என்ற வேறுபாடு காலப்போக்கில் அவருக்கு இல்லாமல் போனது. ஆனால் முதல் பத்து வருடம் தனக்கு உள்ளே மிகுந்த கலக்கம் இருந்தது என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார். இதைச் சொல்லாமல் விட்டுவிட்டு அவரைப் பற்றிப் பிரசங்கம் செய்பவர்கள் கேட்பவர்களைச் சோர்ந்துபோகச் செய்துவிடுகிறார்கள்.

குக்கரில் மூன்றாவது விசில் வரும்வரை நிற்கிற நேரம் இருக்கிறது. பஸ் வரும்வரை நிற்கிற நேரம் இருக்கிறது. “கர்த்தராகிய இயேசுவே, எனக்கு இரங்கும்” என்று கீழைத் திருச்சபைத் துறவிகள் நூற்றாண்டுகளாகச் சொல்லிவரும் சிறு ஜெபத்தை அந்த நேரத்தில் சொல்லலாம். உதடுகூட அசைய வேண்டாம். கைபேசியை எடுக்கப் போகும் கை ஒரு கணம் நின்றால் போதும், இடம் கிடைத்துவிடும்.

மூச்சைக் கவனித்து அமர்வது, தியானம் செய்வது கிறிஸ்தவனுக்குத் தகுமா?

மெதுவாக மூச்சு விட்டால் உடல் அடங்கும். அது உடலின் இயல்பு, எந்த மதத்தின் சொத்தும் அல்ல. நான் ஜெபத்துக்கு முன் சில நிமிடம் அப்படி உட்காருவதுண்டு. உடல் அடங்கிய பிறகு மனம் யாரை நோக்கித் திரும்புகிறது என்பதில்தான் கிறிஸ்தவ ஜெபம் தொடங்குகிறது. ஜெபமாலை உருட்டுகிறவர்களுக்கும், ஒரே வசனத்தை அரை மணி நேரம் அசைபோடுகிறவர்களுக்கும் இது தெரியும்.

என்னை நோகடித்தவரை மன்னிக்காமல் எனக்குச் சமாதானம் வராதா?

ரோமர் 12-இல் பவுல் எழுதுகிறார்: “கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்.” ‘கூடுமானால்’ என்ற சொல்லையும் ‘உங்களாலானமட்டும்’ என்ற சொல்லையும் தாண்டிக் குதிக்கக் கூடாது. இரு தரப்பும் சேர்ந்தால்தான் ஒப்புரவு. மன்னிப்பு உங்கள் பக்கத்து வேலை மட்டும். பழிவாங்கும் உரிமையைக் கடவுளிடம் ஒப்படைத்துவிடுவது அது. ஒரே நாளில் முடிவதில்லை. மறுநாள் காலையில் மறுபடியும் ஒப்படைக்க வேண்டியிருக்கும்.

அடிக்கிற கணவனோடு பொறுத்துக்கொண்டு இரு என்று ஒரு பெண்ணிடம் சொல்வது மன்னிப்பைப் போதிப்பது ஆகாது. முதலில் அவளும் பிள்ளைகளும் பத்திரமான இடத்துக்குப் போக வேண்டும். மன்னிப்பைப் பற்றிப் பிறகு பேசலாம்.

நெருங்கியவரை இழந்துவிட்டேன். அழுதால் ‘விசுவாசி அழக் கூடாது’ என்கிறார்கள்.

இறந்துபோன தம் நண்பன் லாசருவை உயிரோடு எழுப்பப் போகிறார் என்று இயேசுவுக்குத் தெரியும். தெரிந்தும் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். யோவான் 11:35. அழுங்கள்.

நான் கிறிஸ்தவன் அல்ல. இந்தச் சமாதானம் எனக்கும் உண்டா? எங்கே தொடங்குவது?

“வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே! நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள்” என்ற அழைப்பில் ‘எல்லாரும்’ என்று இருக்கிறது. முதலில் மாற்கு எழுதிய சுவிசேஷத்தைப் படியுங்கள். நான்கில் சிறியது அதுதான், 16 அதிகாரம். அதில் 4-ஆம் அதிகாரத்தில் புயலடிக்கும் படகின் பின்பக்கத்தில் தலையணை வைத்துத் தூங்கும் இயேசுவைக் காண்பீர்கள். அவர் யார் என்று சீஷர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதை நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆலயத்துக்குள் போய் உட்காரவும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கூட்டம் இல்லாத கிழமைநாளில், ஆலயம் திறந்திருக்கும் நேரத்தில் போங்கள். வேளாங்கண்ணியில் நாள்தோறும் எல்லா மதத்தவரும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள்.

நீளமாகப் படிக்கும் நிலையில் இல்லை. இன்று ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

131-ஆம் சங்கீதம். மூன்றே வசனம். “தாயின் பால்மறந்த குழந்தையைப்போல” என் ஆத்துமாவை அடக்கி அமரப்பண்ணினேன் என்று அதில் வரும். பால்குடிக்கும் குழந்தையைத் தூக்கினால் உடனே பாலைத் தேடிப் புடவையைப் பற்றி இழுக்கும், கிடைக்காவிட்டால் வீறிடும். பால்மறந்த குழந்தை மடியில் ஏறிக்கொள்ளும், எதையும் கேட்காது. அம்மாவின் வளையலை உருட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். பால் மறக்கடித்த நாட்களில் அதுவும் எவ்வளவோ அழுதிருக்கும்.

அந்த மூன்று வசனத்தையும் இரண்டு தடவை, உங்கள் காதில் விழும்படி வாசியுங்கள். பிறகு ஐந்து நிமிடம் எதுவும் கேட்காமல் அவர் முன்னால் உட்கார்ந்திருங்கள். எழுந்ததும் தண்ணீர் பாட்டில் காலியாக இருந்தால் போய் நிரப்பிக்கொண்டு வாருங்கள்.